கியோட்டோவில் 25 நாள், நான்கு தோழிகள், ஒரே அடுப்படி

கேள்வி: கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நான்கு பேர் நாங்கள். இப்போது எல்லோருக்கும் 55 தாண்டிவிட்டது. வரும் நவம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில், தெமாச்சியனாகி ரயில் நிலையம் பக்கத்தில் வீடு எடுத்து 25 நாள் தங்கப் போகிறோம். ஓடி ஓடி ஊர் பார்க்காமல், கொஞ்சம் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் போன வருடம் நாலு நாள் கொடைக்கானல் போனபோதே நான்தான் காபி போட்டேன், நான்தான் பாத்திரம் கழுவினேன். ஒருத்தி சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. ஒருத்தி காலை நாலரைக்கு எழுந்து எல்லோரையும் எழுப்பிவிடுவாள். ஒருத்தி பத்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்பாள். அங்கே போயும் நானே அடுப்படியில் நிற்க வேண்டுமா? திரும்பி வரும்போது நாங்கள் பேசிக்கொள்வோமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நிற்க வேண்டாம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 25 நாளும் நீங்களே சமைத்தால் மூன்றாவது வாரத்தில் உங்களுக்கு அந்த ஊரும் கசந்துவிடும், தோழிகளும் கசந்துவிடுவார்கள். அங்கே போய்ப் பொங்கி வெடிப்பதைவிட, கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

உங்கள் கடிதத்தில் கோயில், ரயில், மொழி பற்றி ஒரு கவலையும் இல்லை. எல்லாம் வீட்டைப் பற்றிய கவலைதான். சரியான இடத்தில்தான் கவலைப்படுகிறீர்கள். நவம்பர் நடுவில் கியோட்டோவில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கோயில்களைப் பெரும்பாலும் நாலரைக்கும் ஐந்துக்கும் இடையில் மூடிவிடுவார்கள். இலை சிவக்கும் காலம் என்பதால் சில கோயில்களை இரவிலும் விளக்குப் போட்டுத் திறந்து வைப்பது உண்டு, ஆனால் அதற்குத் தினமும் போக முடியாது. ஆக, ஐந்தரைக்கு வீடு திரும்பினால் பத்து மணிவரை நான்கு பேரும் ஒரு சின்ன வீட்டுக்குள்தான். மாதக் கடைசியில் இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும், அதனால் வாசலில் நாற்காலி போட்டுப் பேசவும் முடியாது. அந்த நாலரை மணி நேரம் எப்படிப் போகிறது என்பதுதான் உங்கள் பயணம்.

இனி அடுப்படி. ஒருத்தி சமைக்க, ஒருத்தி பாத்திரம் கழுவ, ஒருத்தி துணி துவைக்க என்று வேலையைப் பங்கு போடாதீர்கள். யார் வேலை பெரியது என்ற பேச்சு மூன்றாம் நாளே வந்துவிடும். வேலைக்குப் பதிலாக நாட்களைப் பங்கு போடுங்கள். ஒரு நாள் முழுக்க ஒருவர் வீட்டுப் பொறுப்பு: காலை காபி, இரவுச் சாப்பாடு, பாத்திரம், குப்பை எல்லாம் அவருடையது. மறுநாள் அடுத்தவர். அன்றைக்கு மற்ற மூன்று பேரும் அடுப்படிக்குள் நுழையவே கூடாது. உங்களுக்கு நாலு நாளுக்கு ஒரு நாள்தான் முறை வரும். மீதி மூன்று நாளில், தோழி ரசத்துக்குத் தாளிக்காமல் இறக்கினாலும் நீங்கள் எழுந்து போகக் கூடாது. இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். கொடைக்கானலில் யாராவது உங்களைச் சமைக்கச் சொன்னார்களா, அல்லது அவர்கள் எழுவதற்குள் நீங்களே போய் அடுப்பைப் பற்ற வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். முப்பது வருடப் பழக்கம் கையை இழுக்கும். முதல் நாள் காலையில் உங்கள் முறை வராதபடி பட்டியல் போடுங்கள். கடைசி ஆளாக வையுங்கள் உங்களை.

முறைநாளில் ஒருவர் வெறும் ரொட்டியும் பாலும் வைத்தால் அதுவும் சாப்பாடுதான். அல்லது அவர் செலவில் நால்வரும் வெளியே சாப்பிடலாம். குறை சொல்லாமல் சாப்பிட வேண்டும், அது ஒன்றுதான் விதி.

சுத்த சைவத் தோழியின் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஜப்பானில் 'காய்கறி' என்று எழுதியிருப்பதெல்லாம் சைவம் ஆகிவிடாது. தாஷி என்ற சாறுதான் அவர்கள் சமையலுக்கு அடிப்படை. உலர்ந்த மீன் சீவலில் இருந்து அதை எடுப்பதுதான் வழக்கம். மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த முள்ளங்கி, பஜ்ஜி மாதிரியான டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். பொட்டலங்களில் முட்டையும் பாலும் இருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம். மீன் சாற்றுக்கு அப்படித் தனி எச்சரிக்கை கிடையாது, பொருள் பட்டியலில் தேடித்தான் பார்க்க வேண்டும். கைபேசிக் கேமராவில் மொழிபெயர்க்கும் வசதியை அவரே பழகிக்கொள்ளட்டும். ஒவ்வொரு கடையிலும் மற்ற மூவர் அவருக்காகக் கேட்டுக்கொண்டு நின்றால் இரு தரப்புக்கும் சங்கடம்.

ஆனால் கியோட்டோ அவருக்கு நல்ல ஊர். டோஃபு என்ற சோயா பனீருக்குப் பெயர் போன இடம். புத்த மடாலயங்களின் சைவச் சமையலான ஷோஜின் ரியோரியில் சாறுகூடக் கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும்தான் எடுப்பார்கள். கியோட்டோவின் அராஷியாமா பகுதியில் தென்ரியூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே அப்படி ஓர் உணவகம் இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனாலும் ஒரு மதியம் நான்கு பேரும் அவருக்காக அங்கே போய் உட்காருங்கள். மற்றபடி வீட்டுச் சாப்பாடுதான் அவருக்கு நிம்மதி. கத்திரிக்காய், முள்ளங்கி, கீரை, முட்டைக்கோஸ், பூசணி, சர்க்கரைவள்ளி எல்லாம் கிடைக்கும். இனிப்பில்லாத தயிர் டப்பாவும் கிடைக்கும். அவர்கள் அரிசி குட்டையாக, ஒட்டும் பதத்தில் இருக்கும். சாம்பார் சாதத்துக்குச் சுமார், தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் அருமை. சாம்பார் பொடி, ரசப்பொடி, பெருங்காயம், காபிப்பொடி, ஃபில்டர் கொண்டு போங்கள். கறிவேப்பிலை, பச்சைக் காய், பழம், பருப்பு, விதை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அவற்றை உள்ளே விடமாட்டார்கள். இறைச்சி கலந்த எதுவும் கூடவே கூடாது. பருப்பு வேண்டுமென்றால், இந்திய வணிகர்கள் பல தலைமுறையாக வாழும் கோபே நகரம் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. ஒரு நாள் துறைமுகத்தையும் பார்த்துவிட்டு வாங்கி வரலாம்.

முதல் நாலு நாள் பெரிய இடம் எதற்கும் போகாதீர்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். நீங்கள் எடுத்திருக்கும் இடம் அப்படி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கமோ ஆறும் தகானோ ஆறும் சேர்கின்றன. ஆற்றைக் கடக்க வரிசையாகக் கல் போட்டிருக்கிறார்கள், சில கற்கள் ஆமை வடிவம். பள்ளிப் பிள்ளைகள் தாவித் தாவிப் போவார்கள். முழங்கால் ஒத்துழைத்தால் நீங்களும் போகலாம், இல்லையென்றால் பாலம் இருக்கிறது. அக்கரையில் மசுகாதா என்று கூரை போட்ட கடைவீதி. காய்கறிக்கடை, மீன்கடை, பழைய புத்தகக்கடை என்று அக்கம்பக்கத்து ஜனங்கள் தினசரி வாங்கும் இடம் அது. அதன் வாசலை ஒட்டி ஃபுதாபா என்று 1899-இல் தொடங்கிய இனிப்புக்கடை. பயறு பதித்த அரிசிமாவு உருண்டைக்கு எப்போதும் வரிசை நிற்கும். முட்டை, பால் இல்லாத பண்டம், உங்கள் தோழியும் சாப்பிடலாம். இந்த வீதி, ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் இவை நாலும் நாலு நாளில் கண்ணை மூடிக்கொண்டு போகும் அளவுக்குப் பழகிவிட்டால், அப்புறம் எதற்கும் யாரும் யாரையும் சார்ந்திருக்க வேண்டாம்.

ஒரு நாள் மாலை ஏழரை, எட்டு மணிவாக்கில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போங்கள். கடைப் பணியாளர் ஒருவர் கையில் ஒட்டும் கருவியோடு வருவார். அன்றைக்கே விற்றாக வேண்டிய டோஃபு, சாலட், பொரியல் டப்பாக்கள் மேல் இருபது சதவீதம் தள்ளுபடி, பாதி விலை என்று சீட்டு ஒட்டிக்கொண்டே நகர்வார். அவருக்கு இரண்டடி பின்னால், அவசரம் காட்டாமல், வயதான பெண்கள் கூடையோடு நகர்ந்துகொண்டிருப்பார்கள். யாரும் இடிக்கமாட்டார்கள், ஒட்டுவதற்கு முன்னால் எடுக்கவும் மாட்டார்கள். நீங்களும் அந்த வரிசையில் போய் நின்றால், ஊர் உங்களைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

பேருந்தில் பின் வாசலில் ஏறி, இறங்கும்போது முன் வாசலில் காசு போட வேண்டும். நகரின் பெரும்பகுதிக்குள் எங்கே போனாலும் சாதாரணப் பேருந்தில் இப்போது 230 யென். பெட்டி மீதிச் சில்லறை தராது, சரியான தொகையைப் போட வேண்டும். அதனால் முன்பணம் ஏற்றிப் பேருந்திலும் ரயிலிலும் காட்டும் இக்கோகா அட்டையை ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரே அட்டையை நான்கு பேர் மாற்றி மாற்றி ரயில்நிலையக் கதவில் காட்ட முடியாது. கைபேசி இணைப்பும் ஆளுக்கு ஒன்று. ஒருவர் இணையத்தில் மற்ற மூவர் தொங்கினால், அவர் போகும் இடத்துக்கெல்லாம் எல்லோரும் போக வேண்டியதுதான்.

நாலரைக்கு எழும் தோழி பற்றி ஒரு நல்ல செய்தி. ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். நம் ஊர் நாலரை, அங்கே காலை எட்டு. முதல் சில நாள் அவரே எட்டுக்குத்தான் கண் விழிப்பார், நீங்கள் ஒன்பதரைக்கு. ஐந்து மணிக்கு இருட்டிவிடும் ஊரில் அது பெரிய நஷ்டம். அதனால் முதல் வாரம் எல்லோரையும் எழுப்பும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். உடம்பு பழகியதும் அவர் பழையபடி நாலரைக்கு எழுவார். அப்போது அலாரம் கூடாது, அதிர்வு மட்டும். பல வீடுகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே காகிதக் கதவுதான் இருக்கும், மூச்சு விட்டால் கேட்கும். வெளிச்சம் வந்ததும் அவர் ஷிமோகமோ ஆலயத்தின் ததாசு காட்டுக்குள் நடந்துவிட்டு வரட்டும். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

அதே மூன்றரை மணி நேரம் இன்னொரு பக்கமும் படுத்தும். வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கு உங்கள் கணவர் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. நான்கு வீட்டு அழைப்பு வந்தால் யாரும் தூங்க முடியாது. நம் நேரம் மாலை ஐந்தரை, அங்கே இரவு ஒன்பது, அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று எல்லோர் வீட்டிலும் சொல்லிவிடுங்கள். ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகப் பேச வேண்டாம், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியே இருக்கும்.

கணக்குக் கேட்கும் தோழியிடமே பொதுப்பணப்பையைக் கொடுங்கள். ஆளுக்குப் பத்தாயிரம் யென் போட்டு ஆரம்பியுங்கள், தீர்ந்ததும் மறுபடி போடலாம். அரிசி, பால், காய், சோப்பு பொதுவில். டிக்கெட், காபிக்கடை, மீன், இனிப்பு அவரவர் கையில். இதில் நான் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பத்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்பவரைக் கஞ்சம் என்று உடனே நினைக்காதீர்கள். 55 வயதில் நான்கு பேர் கையிருப்பும் ஒன்றாக இருக்காது. அவருடையது உங்களுடையதைவிடச் சிறியதாக இருக்கலாம், அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். செலவான உணவகத்துக்குப் போகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'நான் ஆற்றங்கரையில் இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்' என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்காதீர்கள்.

வாரத்தில் ஒரு நாள் ஆளுக்கொரு திசை. தனியாக. கூட வந்த தோழிகளை விட்டுவிட்டுப் போவதா என்று குற்ற உணர்ச்சி வேண்டாம். தனியே போய் வந்தவருக்குத்தான் இரவில் சொல்ல ஏதாவது இருக்கும். வீட்டு முகவரியை ஜப்பானிய எழுத்தில் எழுதிய சீட்டும் பாஸ்போர்ட்டும் ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். வெளிநாட்டுப் பயணிகள் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். போலீசுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

மருந்து விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரு மாத அளவுவரை முன் அனுமதி இல்லாமல் கொண்டு போகலாம், சீட்டோடு. சூடோஎபிட்ரின் கலந்த சளி மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு, இங்கேயே விட்டுவிடுங்கள்.

வீட்டு உரிமையாளருக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்: படுக்கை கட்டிலா, தரைமெத்தையா? அடுப்பு எத்தனை? குப்பையை எப்படிப் பிரித்து எங்கே வைப்பது? வாடகை வீடுகளில் பெரும்பாலும் அவரே எடுத்துப் போவார், ஆனால் பிரித்து வைக்க வேண்டியது நீங்கள்தான். குளியலறை வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், ஒரே வெந்நீர் நான்கு பேருக்கும். இது பிடிக்காதவர் வெளியே குளித்ததோடு வந்துவிடலாம்.

பேசிக்கொள்வோமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடையில் ஒரு சண்டை வரும். அதை இரவில், நான்கு பேரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள், மூன்று பேர் ஒருவரை விசாரிப்பதாக ஆகிவிடும். மறுநாள் காலை சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் கமோ ஆற்றங்கரையில் நடக்கட்டும்.

அடுத்த முறை நால்வரும் போனில் பேசும்போது முதல் பேச்சாக நாட்களைப் பங்கு போடுவதைச் சொல்லுங்கள். 'இந்தத் தடவை நான் சமைக்க வரலைடி, உங்களோட இருக்க வரேன்' என்று இதே வார்த்தைகளில் சொல்லலாம். சொல்லிவிட்டு நீங்கள் பேச்சை நிறுத்துங்கள், அவர்கள் பதில் சொல்லட்டும்.