தப்பினவர்களும் தப்பாதவர்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தாயார் இரண்டு ஆண்டுகள் புற்றுநோயால் துன்பப்பட்டார். அந்த நாட்களில் நான் ஜெபிக்காத இரவில்லை. உபவாசம் இருந்தேன், சபையாரும் சேர்ந்து ஜெபித்தார்கள். சென்ற மாதம் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்கு மறுநாள் சபையின் மூத்த சகோதரர் ஒருவர், "உன் விசுவாசம் உறுதியாக இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பார்" என்று சொல்லி, "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்ற யாக்கோபு நிருபத்தின் வசனத்தைக் காட்டினார். அன்று முதல் முழங்காலிட்டால் எனக்கு வார்த்தை வருவதில்லை. என் குறையால்தான் அம்மா இறந்தாரா? இனி எதை நம்பி ஜெபிப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் தாயார் நோயினால் இறந்தார். அதற்கு உங்கள் விசுவாசத்தின் அளவைக் காரணம் காட்ட எவருக்கும் உரிமையில்லை.

அவர் காட்டிய வசனத்தை அதற்கு முந்தைய வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி அவனுக்காக ஜெபம்பண்ண வேண்டும் என்கிறார் யாக்கோபு. அங்கே ஜெபிக்கிறவர்கள் மூப்பர்கள். அந்த வசனத்தைக் கொண்டு குற்றம் சுமத்தலாம் என்றால் அது அவர்கள்மேல் அல்லவா விழ வேண்டும்? அவர்கள்மேலும் சுமத்தலாகாது, ஏனெனில் அதே அதிகாரத்தில், நான்கு வசனங்களுக்கு முன்பு, யோபின் பொறுமையை அவர் நினைவூட்டுகிறார். பாடுபடுகிறவனிடம் வந்து அவன் குறையையே காரணமாகக் காட்டிய நண்பர்களைக் கடைசியில் தேவன் கடிந்துகொண்டார் என்பதை யோபின் கதை அறிந்தவர்கள் மறக்கக் கூடாது. உங்கள் சகோதரர் தீய எண்ணத்தோடு பேசியிருக்க மாட்டார். மரணத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் நம் வீட்டுக்கு அது வராது என்று மனம் ஆறுதல் தேடுகிறது. ஆனாலும் அவர் சொன்னது தவறு.

இதைக் குறித்து நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்லும் இடம் எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரம். விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாய்களை அடைத்தவர்களையும் அக்கினியின் உக்கிரத்தை அவித்தவர்களையும் வரிசையாகச் சொல்லிவருகிற அந்த அதிகாரம், 34ஆம் வசனத்தில் பட்டயக்கருக்குக்கு, அதாவது வாளின் கூர்மைக்கு, தப்பினவர்களைச் சொல்கிறது; மூன்றே வசனங்கள் தள்ளி, பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தவர்களைச் சொல்கிறது. தப்பினவர்களுக்கு விசுவாசம் மிகுதி, மரித்தவர்களுக்குக் குறைவு என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. இருசாராரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்றே அது முடிகிறது. கெத்செமனே தோட்டத்தில், சிலுவைப் பாடுகளாகிய இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று தரம் ஜெபித்த இயேசுவுக்கும் அது நீங்கவில்லை. அவருடைய விசுவாசத்தை யார் அளப்பார்கள்?

இனி எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மொழியின் இரண்டு வேதாகமங்கள் இதில் எனக்கு உதவியிருக்கின்றன. நீங்கள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதையே "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்கிறது. எதிர்நோக்கு என்ற சொல்லை முதலில் வாசித்தபோது அது எனக்கு அந்நியமாகத்தான் இருந்தது. பிறகு அதில் ஒருவர் வழிபார்த்து நிற்கும் தோற்றம் தெரிந்தது. வருகிறவரை அறிந்திருப்பதால் நிற்கிறோம். அவர் கையில் என்ன கொண்டு வருவார் என்பது நமக்குத் தெரியாது. உங்கள் தாயார் குணமாவார் என்று இரண்டு ஆண்டுகள் காத்திருந்தீர்கள், அது நடக்கவில்லை, அந்த இழப்பை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் அந்த இரவுகளில் நீங்கள் யாரை நோக்கிப் பேசினீர்களோ, அவர் அந்தப் படுக்கையை விட்டு அகலவில்லை என்றும், கல்லறை உங்கள் தாயாருக்குக் கடைசி வாசல் அல்ல என்றும் நான் விசுவாசிக்கிறேன்.

வார்த்தை வராததைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். 88ஆம் சங்கீதத்தை இன்றிரவு உரக்க வாசித்துப் பாருங்கள். துக்கத்தோடு தொடங்கும் சங்கீதங்கள் பலவும் துதியை எட்டிவிடும். இது எட்டுவதில்லை, சிநேகிதரும் தோழரும் தூரமாகிப்போன தனிமையிலேயே நின்றுவிடுகிறது. இருந்தும் அது ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் கோபித்துக்கொண்டும் கேள்வி கேட்டும் கர்த்தரிடமே பேசினார்.

அதுவும் முடியாவிட்டால், திமிர்வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒருவனை நால்வர் இயேசுவிடம் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கியதை நினைத்துக்கொள்ளுங்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக அங்கே எழுதப்படவில்லை. சிறிது காலம் நீங்களும் பேசாமல் இருக்கலாம், பிறர் உங்களைச் சுமக்கட்டும். உங்கள் தாயாரின் பெயரைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை, எழுதி அனுப்புங்கள். நானும் என் மனைவியும் இரவு ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்லி, உங்களுக்காகக் கேட்போம்.