புழு தின்னும் கேடய நாவாய்ப்பூச்சி உண்டா? எங்கே பார்க்கலாம்?

உண்டு, நம் வயல்களிலேயே உண்டு. இயோகாந்திகோனா ஃபர்செல்லாட்டா என்பது அதன் பெயர். பழைய வேளாண் புத்தகங்களில் காந்திகோனிடியா என்று இருக்கும். ஊரில் எல்லா நாவாய்ப்பூச்சியையும் சேர்த்து 'நாத்தப்பூச்சி' என்றே சொல்லிவிடுகிறோம். மருந்தடிக்கும்போது இதுவும் சாவது அதனால்தான்.

எங்கள் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, வரப்போரம் ஆமணக்கு போடுவோம். இலை தின்னும் புரோடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சி அதைத் தேடிப்போய் முட்டையிடும். அந்த ஆமணக்கு இலையடியில்தான் முதலில் பார்த்தேன். கொழுத்த புழு ஒன்று தலைகீழாகத் தொங்கியது. அதைவிடச் சின்ன பூச்சி ஒன்று மூக்கை ஊசிபோலக் குத்தி, அப்படியே தூக்கிப் பிடித்திருந்தது. எச்சிலைச் செலுத்திப் புழுவை மடக்கிவிட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். கடைசியில் வெறும் தோல்தான் மிஞ்சும்.

அடையாளம் அந்த மூக்குதான். செடிச்சாறு உறிஞ்சும் வகைக்கு அது மெலிந்து, வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். இதற்குத் தடித்திருக்கும், முன்னால் நீட்டவும் முடியும். உடம்பு பழுப்பு நிறம், ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும். தோளின் இருபுறமும் முள் துருத்தியிருக்கும்.

தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவலாக வாழ்கிறது. தைவானிலும் ஜப்பானின் ஒகினாவா தீவுகளிலும்கூட உண்டு. நம்மூரில் பருத்தி, பயறு வயல்களிலும் தேக்குத் தோப்பிலும் தேடலாம். இந்தப் பயிர்தான் வேண்டும் என்று கிடையாது, புழு எங்கேயோ அங்கே இருக்கும்.

ஜார்கண்ட் பக்கம் கதை வேறு. அங்கே தசர் பட்டுப்புழுவை மருத மரங்களில் திறந்த வெளியில் வளர்க்கிறார்கள். இந்தப் பூச்சிக்குப் பட்டுப்புழுவும் புழுதான். அவர்கள் இதைப் பொறுக்கி எடுத்துக் கொல்கிறார்கள், அது நியாயம்தான்.

ஆனால் மல்லாட்டை போடுகிறவர்கள் தயவுசெய்து இதை விட்டுவையுங்கள். முட்டைகள் இலையில் கொத்தாக இருக்கும். ஒவ்வொன்றும் குட்டி ஜாடி மாதிரி, மூடியைச் சுற்றி மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் சிவப்பும் கறுப்புமாகக் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் பருவத்தில் அவை வேட்டையாடுவதில்லை, ஈரத்தை உறிஞ்சியே இருந்துவிடும். தோலுரித்த பிறகு நாலைந்து சேர்ந்து ஒரே புழுவைச் சுற்றி நிற்கும். புரோடீனியா முட்டைக் குவியலைக் கிள்ளப் போகும்போது இந்த ஜாடிகள் உள்ள இலையை மட்டும் செடியிலேயே விட்டுவிடுங்கள்.