நுகர்வோர் கேள்வி-பதில்: கப்பலில் அமைதிக்குத் தனிக் கட்டணம்

கோத்தகிரி வாசகி ஒருவர்: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கும் என் கணவருக்கும் மகன் உல்லாசக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்ப வேண்டும். நான்கு இரவுகள், மே மாதம். கணவர் இரண்டு காதிலும் கேட்கும் கருவி அணிபவர். இரைச்சல் அதிகமானால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். இதைக் கேட்ட கோவை ஏஜென்ட், “கப்பலில் பெரியவர்களுக்கு மட்டுமான அமைதிப் பகுதி இருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து 26,000 ரூபாய். இப்போதே கட்டினால்தான் இடம் கிடைக்கும், பணம் திரும்ப வராது” என்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போது கட்ட வேண்டாம் அம்மா. கப்பலில் ஏறி, அந்த இடத்தை உங்கள் கணவர் நேரில் பார்த்த பிறகும் கட்டத் தோன்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கப்பலின் பெயரை எழுதவில்லை. இந்த விஷயத்தில் கப்பலின் பெயர்தான் முதல் கேள்வி. ஏனென்றால் இதே வசதியை ஒரு நிறுவனம் இலவசமாகத் தருகிறது, இன்னொன்று காசுக்கு விற்கிறது. ராயல் கரீபியன் கப்பல்களில் ‘சோலாரியம்’ என்று ஓர் இடம் உண்டு. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, தனிக் கட்டணம் கிடையாது. கார்னிவல் கப்பல்களில் ‘செரினிட்டி’ என்ற பகுதி இருபத்தொரு வயதைத் தாண்டியவர்களுக்கு, அதுவும் இலவசம். பிரின்சஸ் கப்பல்களின் ‘சாங்க்சுவரி’க்குப் பணம் கட்ட வேண்டும். நார்வேஜியன் நிறுவனத்தின் ‘வைப் பீச் கிளப்’ பாஸ் அளவான எண்ணிக்கையில்தான் விற்பனையாகிறது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் ட்ரீம் கப்பலில் ‘பேலஸ்’ என்ற பகுதி உயர்கட்டண அறை எடுத்தவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களிலோ குழந்தைகளையே ஏற்றுவதில்லை.

ஆகவே ஏஜென்டிடம் மூன்றே வரியில் எழுதிக் கேளுங்கள். கப்பலின் பெயர் என்ன, அந்தப் பகுதியின் பெயர் என்ன, இந்த 26,000 ரூபாய் கப்பல் நிறுவனத்துக்குப் போகிறதா அல்லது உங்கள் சேவைக் கட்டணமா? பதில் வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும், எழுத்தில் வர வேண்டும். அந்தப் பெயரை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களோ மகனோ பார்த்தால், இலவசமா கட்டணமா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இலவசமாகக் கிடைப்பதற்கா பணம் கட்டப்போகிறோம் என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு குழப்பமும் நடக்கிறது. ஸ்பாவுக்குள் இருக்கும் நீராவி அறை, வெதுவெதுப்பான கல் சாய்விருக்கை ஆகியவற்றுக்கான பாஸையும் சிலர் ‘அமைதிப் பகுதி’ என்ற பெயரில் விற்றுவிடுகிறார்கள். அது வேறு சரக்கு.

கட்டணம் உண்மையானதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் பயணத்தின் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் ஏறி, பெட்டி வந்து சேர்ந்து, பாதுகாப்புப் பயிற்சி முடிவதற்குள் மாலையாகிவிடும். கடைசி நாள் காலைச் சிற்றுண்டியோடு இறக்கிவிடுவார்கள். நடுவில் ஒரு நாள் பினாங்கு, ஒரு நாள் புக்கெட். துறைமுகத்தில் நிற்கும் நாளில் பாதிக் கப்பல் கரைக்கு இறங்கிவிடும். அன்று பகலில் பொது நீச்சல் குளத்தின் ஓரமே ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். கரையே தொடாமல் ஓடும் நாளில்தான் எல்லோரும் மேல்தளத்தில் குவிவார்கள். இந்த மாதிரி நான்கு இரவுப் பயணத்தில் அப்படி ஒரு நாள்தான் இருக்கும். ஒரு நாள் தேவைக்கு முழுப் பயணத்துக்கும் 26,000 ரூபாயா? ஒரு நாளுக்கும் அரை நாளுக்கும் தனியாகப் பாஸ் தரும் கப்பல்கள் உண்டு. உங்கள் கப்பலில் அப்படிக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் உங்கள் கணவரின் காது. பெரியவர்களுக்கு மட்டும் என்றால் குழந்தைகள் வரமாட்டார்கள், அவ்வளவுதான். அங்கே மது அருந்தும் கவுன்டர் இருக்கலாம், பாட்டு ஓடலாம், நாற்பது வயதுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து பிறந்தநாள் கொண்டாடலாம். நிறுவனம் விற்பது சாய்வு நாற்காலியும் குறைவான கூட்டமும்தான். மௌனத்துக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

இடம் எந்த அமைப்பில் இருக்கிறது என்பதும் முக்கியம். திறந்தவெளிப் பகுதி பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்தில், முன்புறத்தில் இருக்கும். கப்பல் ஓடும்போது காற்று அடித்துக்கொண்டே இருக்கும். கேட்கும் கருவியின் மைக்கில் நேராகக் காற்று மோதினால் காதுக்குள் ஓயாத இரைச்சலாகக் கேட்கும். தொட்டபெட்டா உச்சிக்கு அவரோடு போயிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். கண்ணாடிக் கூரை போட்ட குளிரூட்டிய கூடமென்றால் காற்றுத் தொல்லை கிடையாது, ஆனால் தண்ணீர்ச் சத்தமும் பேச்சும் கண்ணாடியில் மோதி எதிரொலிக்கும். அவருக்கு இரண்டில் எது தாங்கும் என்பதை அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருப்பதுதான் அவர் வழக்கமென்றால், அதற்குப் பணம் கட்டிய நாற்காலி தேவையா?

ஏறிய அன்று மாலையே அவரை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பக்கத்தில் புகைபிடிக்கும் இடம் இருக்கிறதா, தலைக்கு மேலே பந்து விளையாடும் தளம் இருக்கிறதா, சமையலறைப் புகைபோக்கி எந்தப் பக்கம், பெரிய திரையில் படம் போடும் குளம் எவ்வளவு தூரம்? நிழலும் அவசியம். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியிலேயே மே மாத வெயிலைக் குறைசொல்கிறோம், மலாக்கா நீரிணையின் புழுக்கம் நம் மலைக்காரர்களை ஒரு மணி நேரத்தில் துவள வைத்துவிடும்.

“அதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டால்?” என்று கேட்பீர்கள். அளவான பாஸ் விற்கும் கப்பல்களில் அது நடக்கக்கூடியதுதான். தீர்ந்தால் தீர்ந்துவிட்டுப் போகட்டும். கப்பலில் அமைதியான மூலைகளுக்குப் பஞ்சமில்லை. நூலகம் இருந்தால் அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. இரவில் ஆட்டம் பாட்டமாக இருக்கும் மேல்மாடிக் கூடம் காலையில் காலியாகக் கிடக்கும். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில் காட்சி இல்லாத நேரத்தில் கதவு திறந்திருந்தால் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். படகுகள் தொங்கும் தளத்தில் நடைபாதை இருந்தால் பெஞ்சும் இருக்கும். பஃபே வரிசையில் போய் நிற்காமல், பரிமாறும் உணவகத்தில் காலைச் சிற்றுண்டி சாப்பிடுங்கள். கட்டணம் அதேதான், கூச்சல் பாதியாகக் குறையும்.

மகன் இன்னும் அறையை உறுதிசெய்யவில்லை என்றால், அந்த 26,000 ரூபாயைப் பால்கனி அறைக்குப் போடச் சொல்லுங்கள். என் கணக்கில் அதுதான் நல்ல செலவு. காற்றடித்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், வேண்டுமென்றால் திறந்துகொள்ளலாம். அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது தளவரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் தளமாக இருக்க வேண்டும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே எடுத்தால், விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். அரங்கத்துக்கு மேலே எடுத்தால் நள்ளிரவுவரை மேளம். மின்தூக்கிக்கு அடுத்த அறையும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே மே மாத சீசன் நெரிசலிலிருந்து தப்பிக்கத்தான் கப்பலுக்குப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் மலர்க் கண்காட்சி நாட்களில் ஊட்டி சேரிங் கிராஸில் நிற்க இடம் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. ஊட்டிக்கு வராத குடும்பங்கள் உங்களோடு அதே கப்பலில் இருக்கும். ஜூனில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை. தேதியை மாற்ற முடிந்தால் ஜூலைபோல இரண்டு ஊர்ப் பள்ளிகளும் நடக்கும் மாதமாகப் பாருங்கள். அமைதிப் பகுதி பாஸைவிட அதில்தான் அமைதி அதிகம் கிடைக்கும்.

கடைசியில் கப்பலிலேயே பாஸ் வாங்க முடிவு செய்தால், கணக்கு பெரும்பாலும் டாலரில் ஓடும். நம் ஊர் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு வழக்கமாக 2 முதல் 3.5 சதவீதம்வரை கூடுதல் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். மழையால் அந்தப் பகுதியை மூடினால் பணம் திரும்ப வருமா என்று வரவேற்பு மேஜையில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

குன்னூர் வாசகர்: கப்பலில் ஒரே பாஸ் வாங்கி, நானும் மனைவியும் மாறி மாறிப் பயன்படுத்தலாமா? இல்லையென்றால் அதிகாலையில் இலவசப் பகுதியில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடலாமா?

பதில்: பாஸ் உங்கள் பெயரில், உங்கள் கப்பல் அட்டையோடு இணைக்கப்பட்டிருக்கும். அட்டையைத் தட்டியதும் வாசலில் நிற்பவர் திரையில் உங்கள் புகைப்படம் வரும். மனைவி உங்கள் முகத்தோடு உள்ளே போக முடியாது.

துண்டு விஷயம், மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதுபோல உலகம் முழுக்க நடக்கிறது. கப்பல்காரர்களும் இதற்குப் பழகிவிட்டார்கள். ஆளில்லாமல் அரைமணி, முக்கால் மணி நேரம் கிடக்கும் துண்டை ஊழியர்கள் எடுத்துவிடலாம் என்று பல நிறுவனங்களில் விதியே இருக்கிறது. துண்டு தொலைந்தால் அதற்கும் கணக்கில் பணம் ஏறக்கூடும்.

கொடைக்கானல் வாசகர்: ஏரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு விடுதியில், ‘பெரியவர்களுக்கு மட்டும், முழு அமைதி’ என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கூடுதல் வாடகை கொடுத்துத் தங்கினோம். இரவு பன்னிரண்டுவரை புல்வெளியில் ஒலிபெருக்கி. கேட்டதற்கு, “கல்யாண வீட்டார், என்ன செய்வது?” என்றார்கள்.

பதில்: இதில் உங்கள் பக்கம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சிறப்புத் தளர்வு அரசு அறிவிக்கும் சில நாட்களுக்கு மட்டும்தான். அந்த நேரத்திலேயே 100 அல்லது 112-க்கு அழைத்திருக்கலாம். அடுத்த முறை செய்யுங்கள். இரண்டாவது, அமைதி என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு அதைத் தராதது சேவைக் குறைபாடு. விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, ரசீது, மணி தெரியும்படி எடுத்த வீடியோ மூன்றையும் இணைத்து, கூடுதல் வாடகையைத் திருப்பித் தரும்படி முதலில் விடுதிக்கே கடிதம் எழுதுங்கள். பல விடுதிகள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும்.

கூடலூர் வாசகர்: இணையம் வழியாகக் கப்பல் பயணம் பதிவு செய்தேன். பணம் கட்டிய பிறகுதான் பில்லில் ‘ரிலாக்ஸ் டெக் பாஸ்’ என்று 9,400 ரூபாய் சேர்ந்திருப்பதைப் பார்த்தேன். நான் கேட்கவே இல்லை. ஏஜென்ட், கப்பல் நிறுவனத்திடம் போய்க் கேளுங்கள் என்கிறார்.

பதில்: நீங்கள் கேட்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது தடைசெய்யப்பட்ட தந்திரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் பட்டியலிடப்பட்ட பதின்மூன்று ஏமாற்று வடிவமைப்புகளில் இதுவும் ஒன்று. ‘இன்னும் இரண்டே இடம்’ என்று போலியாக அவசரப்படுத்துவதும், முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஏற்றுவதும் அதே பட்டியலில்தான் வருகின்றன.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் உதகமண்டலத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏஜென்டின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், கூடலூரிலிருந்து மலையேறி வரவேண்டிய அலைச்சல் குறையும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

ஏஜென்ட் சொல்வதைக் கேட்டுக் கப்பல் நிறுவனத்துக்கு மட்டும் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அவர்களுடைய ஒப்பந்தத்தில், வழக்கென்றால் இன்ன வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் என்று சிறிய எழுத்தில் ஒரு பிரிவு இருப்பது வழக்கம். உங்களிடம் பணம் வாங்கியதும், பில் போட்டதும், அந்த 9,400 ரூபாயைச் சேர்த்ததும் ஏஜென்டின் தளம். மனுவில் முதல் எதிர்த்தரப்பாக ஏஜென்டின் பெயரையே எழுதுங்கள்.