மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு ஏன் பரம்வீர் சக்ரா இல்லாமல் அசோக சக்ரா கொடுத்தார்கள்?

அசோக சக்ரா என்பது போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு இந்தியா தரும் மிக உயர்ந்த விருது. பரம்வீர் சக்ராவோ எதிரிப் படையின் எதிரில் நின்று காட்டும் வீரத்துக்கு. விருதை முடிவு செய்வதில் வீரத்தின் அளவு மட்டுமல்ல, சண்டை எந்த வகை என்பதும் சேர்கிறது.

முகுந்த் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர். 2006இல் ராஜ்புத் படைப்பிரிவில் அதிகாரியானார். அப்புறம் காஷ்மீரில் 44ஆவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸ். தீவிரவாத ஒழிப்புக்கென்றே உருவான படை அது. 2014 ஏப்ரல் 25 அன்று சோபியான் மாவட்டத்தில் ஒரு வீட்டில் பதுங்கியிருந்தவர்களை எதிர்த்துத் தன் குழுவை முன்னின்று நடத்தினார். அதில் பட்ட காயங்களால் உயிரிழந்தார். வயது 31. தோட்டா என்னவோ நிஜம்தான், ஆனால் அது எதிரி நாட்டுப் படையோடு நடந்த சண்டை இல்லை. அதனால்தான் அசோக சக்ரா. 2015 குடியரசு தின விழாவில் அவருடைய மனைவி அதைப் பெற்றுக்கொண்டார்.

ஊர்த் திருவிழாவில் சிலம்பத்துக்கு ஒரு முதல் பரிசு, கபடிக்கு ஒரு முதல் பரிசு என்று இருக்குமே, ஏறக்குறைய அப்படித்தான். ஆனாலும் விருது வரிசையில் பரம்வீர் சக்ராவுக்கு அடுத்துதான் அசோக சக்ரா வரும் என்பது உண்மை.

அசோக சக்ரா ராணுவத்தினருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1986இல் கராச்சி விமானக் கடத்தலில் பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்ட விமானப் பணிப்பெண் நீரஜா பனோட்டுக்கும் இதே விருதுதான்.