அந்த சிவப்பு டி-ஷர்ட்

அன்புள்ள சார்,

மான்ட்ரியலில் ஆறு வருடமாக இருக்கிறேன். என் அக்கா மகன் 'சப்போர்ட் 81' என்று போட்ட சிவப்பு டி-ஷர்ட் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் பைக் கிளப்புக்கு ஆதரவாம். "மாமா, அவங்க பொதுஜனத்து மேல கை வைக்க மாட்டாங்க. பேட்ச்சுக்காக (ஜாக்கெட் முதுகுல தைச்சுக்கிற கிளப் சின்னம்) அவங்களுக்குள்ளதான் அடிச்சுப்பாங்க, ஒருத்தனுக்காக இன்னொருத்தன் உயிரையே கொடுப்பான்" என்கிறான். என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கிளப்பின் பெயரையும் சின்னத்தையும் உறுப்பினர் அல்லாதவர் போட்டுக்கொள்ள முடியாது, அதனால் ரசிகர்களுக்கு ஓர் எண். ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவதும் முதலாவதும், அதாவது H, A. சரி, அது போகட்டும்.

பேட்ச் விஷயத்துக்கு உங்கள் ஊரே பதில் சொல்லும். 1994இல் தொடங்கி 2002 வரை அங்கே ஹெல்ஸ் ஏஞ்சல்ஸும் ராக் மெஷின் என்ற போட்டிக் கும்பலும் மோதிக்கொண்டதில் 160 பேருக்கு மேல் செத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், ராக் மெஷின்காரர்கள் ஆரம்பத்தில் பேட்ச்சே போடவில்லை. விரலில் கழுகு பொறித்த மோதிரம், அவ்வளவுதான். சண்டை மான்ட்ரியல் தெருக்களில் போதைப்பொருளை யார் விற்பது என்பதற்காக.

உயிரைக் கொடுப்பது பற்றி: 1985இல் லெனாக்ஸ்வில்லில் இருந்த தங்கள் கிளப் கட்டடத்துக்கு வரவழைத்து, சொந்தக் கிளப்பின் லவால் கிளையைச் சேர்ந்த ஐந்து பேரை ஹெல்ஸ் ஏஞ்சல்ஸே சுட்டுக் கொன்று, ஸ்லீப்பிங் பேக்கில் கட்டி செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் போட்டார்கள். ராக் மெஷினை ஆரம்பித்த சால்வத்தோரே கசெட்டா அவர்களோடு சேராமல் தனியாகப் போனதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

பொதுஜனம்? 1995 ஆகஸ்ட் 9, ஒஷெலாகா-மேசொன்னேவ் பகுதி. போதைப்பொருள் விற்கும் ஒருவனின் ஜீப்புக்கு வைத்த குண்டு வெடித்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் ஒரு துண்டு பாய்ந்து, சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அதுவரை ஊரும் உங்கள் அக்கா மகன் மாதிரிதான், அடித்துக்கொண்டு சாகட்டும் என்று இருந்தது. 'கார்கஜூ' என்ற தனி போலீஸ் படை அந்த வருடமே வந்தது, கும்பல்களுக்கு எதிரான சட்டம் 1997இல்.

அதே 1997இல்தான் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆட்கள் சிறைக் காவலர்கள் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். முதலில் செத்தவர் ஒரு பெண், வேலை முடிந்து வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்மீது தனிப்பகை எதுவும் கிடையாது, சீருடை போட்டிருந்தார், அவ்வளவுதான். காவலரைக் கொன்றவனோடு அரசாங்கம் எந்தக் காலத்திலும் பேரம் பேசாது, அதனால் சுட்டவன் அப்ரூவர் ஆகவே முடியாது என்று கணக்குப் போட்டார்கள். ஒருவனுக்காக இன்னொருவன் உயிரையே கொடுக்கும் கூட்டத்துக்கு இப்படி ஒரு கணக்கு எதற்கு? கடைசியில் சுட்டவர்களில் ஒருவன் அப்ரூவர் ஆனான், அது வேறு கதை.

உத்தரவு போட்டதாக வழக்கில் நின்ற, மான்ட்ரியல் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தலைவர் மோரிஸ் பூஷே 1998 நவம்பரில் விடுதலையானார். அன்று ராத்திரியே மோல்சன் சென்டருக்கு குத்துச்சண்டை பார்க்கப் போனார். கூட்டம் கைதட்டி வரவேற்றது. இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். பிறகு மேல்முறையீட்டில் மறுவிசாரணை நடந்து, 2002இல் ஆயுள் தண்டனை வந்தது. 2022இல் செத்தார். அதெல்லாம் சரி, அந்த ராத்திரி கைதட்டியவர்கள் யார்? டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த சாதாரண ஜனங்கள்தானே?

பையனைத் திட்டாதீர்கள், சட்டையையும் பிடுங்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏற்றி ஒஷெலாகாவுக்குக் கூட்டிப் போங்கள். ஜீப் வெடித்தது ஆதாம் தெருவில். டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டே வரட்டும், நடக்கும்போது சும்மா பேச்சுவாக்கில் சொல்லுங்கள்.