2 இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய கார் ஒயில் குடிக்கிறது. எஞ்சினை இறக்கி வேலை செய்யலாமா, விற்றுவிடலாமா?

கேட்டவரிடம் இருப்பது 2001ஆம் ஆண்டுப் பெற்றோல் கார். 1000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் எஞ்சின் ஒயில் குறைகிறதாம், நிலத்தில் ஒழுக்கு இல்லையாம், கராச்சில் "ரிங் போச்சு, எஞ்சினை இறக்கவேணும்" என்கிறார்களாம். (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, ஒயில் மேலே ஏறாமல் மறிக்கிற வளையம்.) எனக்கு முன்னால் பதில் எழுதிய மூன்று பேரும் "விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். அதைப் பார்த்ததால்தான் நித்திரைக்குப் போகாமல் இருந்து எழுதுகிறேன்.

விற்கச் சொல்வது லேசு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் என் பழைய காரை நான் வாங்கிய விலையின் இரண்டு மடங்குக்குக் கேட்டு வந்தார்கள். கொடுத்திருந்தால் அந்தக் காசுக்கு இதைவிடப் பழசு ஒன்றைத்தான் எடுத்திருப்பேன். அது எவ்வளவு ஒயில் குடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? இது எவ்வளவு குடிக்கும் என்று எனக்குத் தெரியும். கனடாவில் இருக்கிற மச்சானுக்கு இது விளங்குவதில்லை. வட்ஸ்அப்பில் கார் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டாலே "உதைப் பழைய இரும்புக்குப் போடும்" என்பார். 2009இல் கடைசிப் போர் நேரம் மாத்தளனில் மோட்டார் சைக்கிளைச் சாவியோடு விட்டுவிட்டு வந்தவன் நான். ஓடுகிற வாகனத்தை விடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறும். அது என் பிரச்சினை, உங்கள் காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. சங்கக் கடையில் கணக்கெழுதுகிற ஆள். பொறியியல் படித்தவர்கள் வந்து திட்டுவதானால் கணக்கில் பிழை இருந்தால் மட்டும் திட்டுங்கள். காரின் பெயரையும் சொல்லமாட்டேன். சொன்னால் அதே கார் வைத்திருப்பவர்கள் "என்னுடையது ஒரு சொட்டும் குடிக்காது" என்று சண்டைக்கு வருவார்கள். 1999ஆம் ஆண்டு ஜப்பான் கார், பெற்றோல். 2013இல் வவுனியாவில் வாங்கும்போது மீற்றரில் 110,000 இருந்தது. அதை நான் நம்பவில்லை, நீங்களும் நம்பவேண்டாம். இப்போது 287,000.

வன்னியில் நான் ஓடுகிற மல்லாவிப் பக்கம் உள்றோட்டுகள் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஏ9 பெரிய றோட்டில் இருந்து இறங்கினால் தார் கொஞ்சத் தூரம், பிறகு சிவப்புக் கிரவல். கோடையில் முன்னால் ஒரு ரக்ரர் போனால் பின்னால் வருகிறவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, புழுதி அடங்கும் வரைக்கும் ஓரமாக நிற்க வேண்டியதுதான். வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வயலுக்கும் நான் ஓடியது முழுக்க அந்தப் புழுதிக்குள்.

2017இல் 1200 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குறையத் தொடங்கியது. கராச்சுக்குப் போனேன். எந்தக் கராச், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பொனற்றைத் திறந்து, சைலன்சர் வாயில் விரலை விட்டுக் கரியைப் பார்த்துவிட்டு, "ரிங் போச்சு" என்றார்கள். ஒரு சோதனையும் இல்லை. கம்பிரெஷன், அதாவது சிலிண்டர் எவ்வளவு அமுக்கம் பிடிக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. எஞ்சினை இறக்கி, ரிங் மாற்றி, 95,000 ரூபா. நாலு மாதம் ஒயில் அளக்கிற கம்பியில் மட்டம் அசையவில்லை. ஊருக்கெல்லாம் பெருமையடித்தேன். ஒரு வருசம் முடிவதற்குள் 800 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். முன்பைவிட மோசம். திரும்பப் போய்க் கேட்டால், "நீங்கள் விட்ட ஒயில் கலப்படம்" என்றார்கள்.

பிறகு விசாரித்ததில்தான் விளங்கியது. சிலிண்டர் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் அதற்குள் புது ரிங்கைப் போட்டும் பயனில்லை, சுவரோடு ஒட்டி உட்காராது. முதலில் தேய்மானத்தை அளக்கவேண்டும், தேவையென்றால் லேத்தில் கொடுத்துப் போர் பண்ணி (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி), அடுத்த அளவு பிஸ்டன் போடவேண்டும். எனக்கு ஒருவரும் அளக்கவில்லை. அதைவிட முக்கியம், அது ஏன் தேய்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதை முதலில் கேட்டவர் ஒரு வயதான ஐயா. மாங்குளத்துக்குக் கிட்ட வீட்டோடு சின்னதாக ஒரு கராச், போர்ட்டும் இல்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர். பெற்றோல் வன்னிக்குள் வராத காலம் அது. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார்கள். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். "அந்தக் காலத்தில ஒயில் குறையாது தம்பி, கூடும்," என்றார். அதனால் இன்றைக்கும் கம்பியை இழுத்தால் மட்டத்தைப் பார்க்கமாட்டார். முதலில் மணந்து பார்ப்பார், பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பார்.

என் காரிலும் மணந்தார், தேய்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எயார் பில்டர் பெட்டியைத் தட்டினார். அதன் ஒரு கிளிப் எப்போதோ உடைந்து, யாரோ சைக்கிள் ரியூப் துண்டால் கட்டியிருந்தார்கள். "உந்தக் குழாயைக் கழட்டும்" என்றார். பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற தடித்த இறப்பர்க் குழாய். கழட்டினேன். "விரலை உள்ளுக்கு விட்டுப் பாரும்."

விரல் சிவப்பாக வந்தது. கோயில் குங்குமம் தொட்டது மாதிரி. சுத்தமான காற்று மட்டும் போகவேண்டிய குழாய்க்குள் கிரவல் மா அப்பிக் கிடக்கிறது. பில்டரின் மூலையில் என் சின்ன விரல் போகிற அளவுக்கு இடைவெளி. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று காற்றடித்துக் காற்றடித்து அதே பில்டரைத் திரும்பப் போட்டதில் பேப்பரும் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது. அந்தப் புழுதி சிலிண்டர்ச் சுவரில் இருக்கிற ஒயிலோடு சேர்ந்தால் அம்மியில் அரைக்கிற மாதிரித்தான். ரிங்கையும் அரைக்கும், சுவரையும் அரைக்கும். 95,000 ரூபா ரிங்கும் ஒரு கோடைக்குள் அரைபட்டது அப்படித்தான்.

"மண்ணைத் தின்னக் குடுத்தா அது ஒயில் கேக்காமல் என்ன செய்யும்?" என்றார் ஐயா.

அன்றைக்கு நடந்த வேலை: பழைய காரொன்றில் இருந்து கழட்டிய ஒரு பில்டர்ப் பெட்டி, ஒரு புதுப் பில்டர், ஒரு பிசிவி வால்வ். இந்தக் கடைசிச் சாமானைக் கட்டாயம் பாருங்கள். எஞ்சினுக்குள் சேருகிற காற்றைத் திரும்ப உறிஞ்சி எரிக்கிற சின்ன வால்வ் அது. காதுக்குக் கிட்டப் பிடித்து ஆட்டினால் கடகட என்று சத்தம் வரவேண்டும். கரி பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அமுக்கம் ஏறி ஒயிலைத் தள்ளும், திறந்தபடி இறுகினால் ஒயிலையும் சேர்த்து உறிஞ்சிக் கொடுக்கும். எஞ்சினை இறக்கச் சொல்கிறவனிடம் "பிசிவி பார்த்தீங்களோ?" என்று கேளுங்கள். முழித்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது புகை. நீலப் புகை எப்போது வருகிறது என்று பின்னால் ஓர் ஆளை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது குப்பென்று ஒருதரம் வந்து பிறகு இல்லாமல் போனால் வால்வ் சீலில் சந்தேகம் (வால்வ் தண்டு வழியாக ஒயில் இறங்காமல் மறிக்கிற இறப்பர் அது). காலை எடுத்துவிட்டு உருளவிட்டுத் திரும்ப மிதிக்கும்போது வந்தாலும் பெரும்பாலும் அதுதான். மிதித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தால் ரிங். ரிங்கா என்று உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது: பிளக்கைக் கழட்டிக் கம்பிரெஷன் அளந்து, குறைவாகக் காட்டுகிற சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்கவேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ் சரியாக மூடாதது (சீல் இதில் தெரியாது). எனக்கு மூன்று சிலிண்டர் 160 பிஎஸ்ஐ சொச்சம், ஒன்று 135. ஒயில் விட்டதும் அது 155க்கு ஏறியது. ஆக ரிங்கும் தேய்வுதான், நான் மறைக்கவில்லை. ஆனால் காலைப் புகையும் இருந்தது, அதனால் சீலை மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

சீல் மாற்ற எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழட்டவேண்டும் என்றுதான் எனக்கு மற்ற இடங்களில் சொல்லியிருந்தார்கள். ஐயா கிணற்றடியில் கிடந்த நைலோன் கயிற்றில் ஒரு பாகம் வெட்டி வந்தார். பிளக் ஓட்டைக்குள்ளால் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணித்து, நுனியை வெளியே விட்டு, கிறாங்கைக் கையால் சுற்றினார். பிஸ்டன் மேலே வந்து கயிற்றை ஹெட்டோடு அமத்தியது. வால்வ் கீழே விழ வழியில்லை. பிறகு ஸ்பிரிங்கை அமத்திக் கழட்டி, பழைய சீலை இழுத்தார். இறப்பர் என்று பெயர், நகம் மாதிரி இறுகி, என் கையில் இரண்டாக உடைந்தது. நாலு சிலிண்டரும் முடியப் பொழுதுபட்டது. கூலியாக அவர் கேட்டதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள், அதனால் விடுகிறேன்.

அதற்குப் பிறகு 1700 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். முற்றாக நிற்கவில்லை, நிற்காது. ஆனால் இத்தனை வருசமாகக் கூடவும் இல்லை. ஒயிலையும் 20டபிள்யூ-50க்கு மாற்றினேன். தடித்த ஒயில் கொஞ்சம் குறைவாக எரியும், நோயை மாற்றாது. எங்கள் வெயிலுக்கு இந்தப் பழைய எஞ்சினில் எனக்குச் சரிவருகிறது. உங்கள் காரின் புத்தகத்தில் தடித்த ஒயிலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுங்கள். போத்தலில் விற்கிற "புகை நிறுத்தி" மருந்துகள் இரண்டு விட்டுப் பார்த்தேன். கடைக்காரனுக்கு நல்லது.

இதெல்லாவற்றையும் விட ஒரு நோட்டுக் கொப்பி வாங்குங்கள். ஒயில் விடுகிற ஒவ்வொரு முறையும் மீற்றரையும் அளவையும் எழுதுங்கள். மாதக் கணக்கு வேண்டாம். 2022இல் பெற்றோல் இல்லாமல் கியூஆர் கோட்டுக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் கொடுத்த நேரம், இரண்டு மாதமாக ஒயில் குறையவில்லை என்று மனிசியிடம் பெருமையாகச் சொன்னேன். "கார் போர்ட்டிக்கோவை விட்டு இறங்கினாத்தானே குடிக்கிறதுக்கு" என்றாள்.

அந்தக் கொப்பியில் எங்கே ஓடினேன் என்றும் எழுதுவேன், கணக்கெழுதுகிறவன் புத்தி. ஒருநாள் கூட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஊரவருடைய ஓட்டம். இரவு இரண்டு மணிக்குக் கிளிநொச்சி ஆசுப்பத்திரி, பிள்ளைப்பேறு. வவுனியா, பொம்பிளை பார்க்க. முறிகண்டி, நேர்த்தி. அவசரத்துக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, அந்த நேரம் ஓட்டோவும் கிடைக்காது. ஆனால் பொம்பிளை பார்க்கப் போகிறவருக்கு என்ன அவசரம்? பெற்றோலுக்குக் காசு தருவார்கள், அதுவும் போகிற தூரத்துக்கு மட்டும், திரும்பி வருவது காற்றில் வருவது மாதிரி. ஒயிலும் எரிகிறது, ரயரும் தேய்கிறது என்று ஒருவருக்கும் நினைவு வராது. ஒருவர் இறங்கும்போது "தம்பி, கார் புகைக்குது, கவனியும்" என்று புத்தி சொல்லிவிட்டு, முறிகண்டியில் வாங்கிய கச்சான் சரையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். கேள்விக்குச் சம்பந்தமில்லை, எழுதினால் ஆறும் என்று எழுதினேன்.

சரி, உங்கள் கணக்கு. நான் மாதம் ஏறக்குறைய 1200 கிலோமீற்றர் ஓடுகிறேன். 0.7 லீற்றர் ஒயில். நான் வாங்குவது லீற்றர் 2,600 ரூபா. மாதம் 1,850க்குள் முடிகிறது. 2023இல் எஞ்சினை இறக்கி, போர் பண்ணி, பிஸ்டன் போட ஒரு இடத்தில் மூன்றரை இலட்சம் கேட்டார்கள். அந்தக் காசுக்குப் பதினைந்து வருசத்துக்கு மேல் ஒயில் விடலாம். நீங்கள் சொல்கிற 1000க்கு ஒரு லீற்றர் என்பது சில கம்பனிகள் தங்கள் புத்தகத்திலேயே பொறுக்கலாம் என்று போட்டிருக்கிற எல்லை. சந்தோசப்படுகிற அளவு இல்லைத்தான், ஆனால் நாளைக்கே எஞ்சினை இறக்குகிற அளவும் இல்லை.

சூழல் பற்றி எழுத வருகிறவர்களுக்கு: புகைப் பரிசோதனை வருசாவருசம் பாஸ், சீட்டு காருக்குள்தான் இருக்கிறது. ஒயில் எரிவது புகையைச் சுத்தமாக்குகிற கற்றலைற்றிக் கொன்வேற்றரைக் கெடுக்கும் என்பதும் தெரியும். 500க்கு ஒரு லீற்றர் என்று வந்தால் நானும் நிறுத்திவிடுவேன். ரேபோ (turbo) பூட்டிய டீசல் வாகனம் வைத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்கவே வேண்டாம். ரேபோ சீல் போனால் எஞ்சின் தன் ஒயிலையே எரித்துக்கொண்டு சாவியை நிறுத்தினாலும் நிற்காமல் ஓடக்கூடும். அதற்கு உடனே ஆளைப் பிடியுங்கள்.

ஒயில் குறைந்ததால் செத்த எஞ்சின்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். எரிகிறது என்று தெரிந்து விட்டுக்கொண்டிருப்பவனுடையது சாகவில்லை. 500 கிலோமீற்றருக்கு ஒருக்கால், மட்டமான இடத்தில், நிறுத்திப் பத்து நிமிசம் கழித்துக் கம்பியைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல்க் கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு லீற்றர். மேல்க் கோட்டைத் தாண்டி விடாதீர்கள், அதுவும் கூடாது. ஓடும்போது சிவப்பு ஒயில் லைற் பற்றினால் அடுத்த சந்தி வரைக்கும் என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இன்றைக்கு இரவே காருக்குக் கீழே ஒரு பெட்டி மட்டையை விரித்துவிட்டு விடிய எழும்பிப் பாருங்கள், ஒழுக்கு இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் அரைவாசிதான் நம்புகிறேன். பிறகு பில்டர்க் குழாயைக் கழட்டி விரலை விடுங்கள். சிவப்பாக வந்ததா, புகை காலையிலா மிதிக்கும்போதா என்று கீழே எழுதுங்கள். ஐயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, வாசித்துக் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.