பொங்கலுக்கு அப்புறம் சூளைக்குப் போற பிள்ளைங்க - பதில்

டீச்சர், கிள்ளை பக்கத்து இருளர் பிள்ளைங்க பொங்கல் முடிஞ்சதும் அம்மா அப்பாவோட செங்கல் சூளைக்குப் போயிடுறாங்க, ஜூன்ல வரும்போது எல்லாம் மறந்துடுது, டிரான்ஸ்ஃபர் கேட்கலாமான்னு எழுதியிருந்தீங்க. நானும் கடலூர் மாவட்டத்துலதான் ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன், தயவுசெஞ்சு இப்ப போயிடாதீங்க.

பெத்தவங்கள திட்டாதீங்க, சூளை முதலாளிகிட்ட முன்பணம் வாங்கினவங்க நினைச்சாலும் பாதியில வர முடியாது. அவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே எந்த ஊர் சூளைன்னு கேட்டு, அந்த ஊர் ஸ்கூல் எச்எம்முக்கு போன் போட்டு பிள்ளையோட எமிஸ் நம்பர (ஸ்கூல் ஆன்லைன் பதிவுல ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிற நம்பர்) கொடுத்துடுங்க. டிசி இல்லன்னு சேக்க மாட்டேன்னா, 2009 கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவ சொல்லுங்க, டிசி லேட்டாகுதுன்னு 8ஆவது வரைக்கும் அட்மிஷன நிறுத்த முடியாது.

எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு, சூளையில கல்லு எண்ணி எண்ணியே வாய்ப்பாட்ட அவ்ளோ சுத்தமா சொல்லும், தமிழ் வாசிக்கத்தான் திணறும். அதனால ஜூன்ல 'அ'னா 'ஆ'வன்னாலேர்ந்து தொடங்காம கணக்குலேர்ந்து தொடங்குங்க, பிள்ளைங்க முகமே மாறும்.

சாதிச் சான்றிதழ இப்பவே ஆரம்பிங்க, இருளர் பழங்குடி, அதனால எஸ்டி சான்றிதழுக்கு ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ் வரைக்கும் போகணும், ரொம்ப இழுக்கும். 8ஆவதுல என்எம்எம்எஸ்னு மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சை இருக்கு, அத எழுத வைங்க, செலக்ட் ஆனா 9லேர்ந்து 12 வரைக்கும் மாசம் 1,000 ரூபா, சூளைக்குக் கூட்டிட்டுப் போகாம பாட்டிகிட்ட விட்டுட்டுப் போக அதுவே பல வீட்ல போதும்.

சூளை எந்த ஊர்னு தெரிஞ்சா இங்க போடுங்க, அந்தப் பக்கம் தெரிஞ்ச எச்எம் யாராவது இருந்தா நானே பேசுறேன்.